லட்சம் பேருக்குப் போட்ட கடைக்கால்

சுவரை இன்றைய தேவைக்கு எழுப்பு, கடைக்காலை நாளைய தேவைக்குப் போடு என்பது எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் பார்க்கும் கணக்கு. நாற்பது வருஷமாக இரும்புக் கம்பி வியாபாரம் செய்பவன் ஆதலால், எந்தக் கட்டிடத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் அஸ்திவாரம்தான் நினைவுக்கு வரும். அந்தக் கணக்கு சரியாகப் பலித்த ஓர் இடம் அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்னும் ஊரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அது அவர்களுடைய ஃபுட்பால் மைதானம்.

அமெரிக்க ஃபுட்பால் நம்ம கால்பந்து அல்ல. பெயரில்தான் கால் இருக்கிறது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டம். கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கே லட்சம் பேர் கூடுவார்கள் என்றால் நம்புவது கஷ்டம்தான்.

இம்மைதானத்துக்கு முன் அங்கே ஃபெர்ரி ஃபீல்டு என்னும் மைதானம் இருந்தது. 1902இல் அதற்கு நிலம் கொடுத்தவர் டெட்ராய்ட் நகரத்து விதை வியாபாரி டெக்ஸ்டர் ஃபெர்ரி. 1920களில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் இடம் இருந்தும் அது போதவில்லை. 1901இல் பயிற்சியாளராக வந்து 1921இல் விளையாட்டுத் துறைக்கே தலைவரான ஃபீல்டிங் யோஸ்ட் என்பவர், பெரிய மைதானம் வேண்டும் என்று நின்றார். 'பல்கலைக்கழகம் பாடம் சொல்லவா, வேடிக்கை காட்டவா?' என்று பேராசிரியர்கள் தயங்கினார்கள். நியாயமான கேள்விதானே! எட்மண்ட் டே தலைமையில் அமைந்த குழு 1926இல் மைதானத்துக்குச் சம்மதித்தது. கூடவே, பார்ப்பதற்கு மட்டும் இடம் இருந்தால் போதாது, எல்லா மாணவரும் மாணவியரும் தாமே விளையாடவும் வசதி வேண்டும் என்றது.

பணத்துக்கு அரசாங்க வரியைத் தொடவில்லை. தலா 500 டாலர் மதிப்பில் 3,000 கடன் பத்திரங்கள் வெளியிட்டார்கள். வாங்கியவருக்கு வட்டியும் உண்டு, நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் உரிமையும் உண்டு. எங்கள் வியாபார பாஷையில் சொன்னால், வரப்போகிற வாடிக்கையாளரிடமே முதல் திரட்டிய வேலை.

தேர்ந்தெடுத்த நிலம் பள்ளமானது, அடியில் ஊற்று நீர் வேறு. தோண்டித்தான் கட்டினார்கள். முக்கால் பங்கு மைதானம் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2004இல் நான் போனபோது வெளியிலிருந்து பார்க்க, பெரிய மதில்சுவர் மாதிரிதான் தெரிந்தது. உள்ளே நுழைந்தால் காலடியில் படிப்படியாக இறங்கும் பிரம்மாண்டமான கிண்ணம்! கான்கிரீட்டுக்குள் போன கம்பி மட்டும் 440 டன். செலவு 9,50,000 டாலர். 1927 அக்டோபர் 1 அன்று முதல் ஆட்டம் நடந்தது.

கட்டியது 72,000 பேருக்கு. மர பெஞ்சுகள் போட்டு அதை 84,401 ஆக்கினார்கள். யோஸ்டின் ஆசையோ ஒரு லட்சத்துக்கு மேல். அவ்வளவுக்கு அப்போது அனுமதி இல்லை. அதனால் மனிதர் சண்டை போடாமல், பின்னால் லட்சம் பேர் உட்காரும்படி விரிவாக்கினாலும் தாங்குகிற அளவுக்கு அஸ்திவாரத்தைப் போட வைத்தார். 1946இல் காலமானார். 1949இல் மரம் போய் இரும்பு வந்தது. இருக்கைகள் 97,239 ஆயின. 1956இல் 101,001. அந்தக் கடைசி ஒன்று, யோஸ்டுக்குப் பின் துறையை நடத்திய ஃபிரிட்ஸ் கிரிஸ்லருக்கு மரியாதையாக வைத்தது என்பார்கள். எந்த இருக்கை என்பது மட்டும் ரகசியம்! 1998இல் 107,501. யோஸ்ட் கண்ணால் பாராத கூட்டம், அவர் திட்டமிட்ட இடத்திலேயே உட்கார்ந்தது.

ஆனால் இந்த வளர்ச்சியில் ஒரு குறையும் இருந்தது. கிண்ணம் என்றால் படிகள். சக்கர நாற்காலியில் வருகிறவர் என்ன செய்வார்? ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 1990இலேயே வந்துவிட்டது. ஆயினும் லட்சத்துக்கு மேற்பட்ட இருக்கைகளில் அவர்களுக்கு இருந்தவை நூறுகூடத் தேறாது. 2007இல், உடல் செயலிழந்த முன்னாள் படைவீரர்களின் மிச்சிகன் சங்கம் வழக்குப் போட்டது; 2008இல் சமாதானம் ஆயிற்று. 226 மில்லியன் டாலர் செலவில் நடந்த விரிவாக்கம் 2010இல் முடிந்தபோது, சக்கர நாற்காலிகளுக்கு 300க்கு மேல் இடம் கிடைத்தது. அதே விரிவாக்கத்தில் இரு பக்கமும் பணக்காரர்களுக்குத் தனி அறைகளும் எழும்பின. எல்லாரும் ஒரே மாதிரி பெஞ்சில் உட்கார்ந்த இடம் இப்படி ஆகலாமா என்று பழைய மாணவர்கள் பலர் வருந்தினார்கள். அப்போது 109,901 ஆன இருக்கைகள், பின்னர் 107,601 ஆகக் குறைந்தன. கடைசி எண் மட்டும் இன்னும் ஒன்றுதான்.

அன்பர்களே, பிழைக்க வந்த ஊர்களில் நாம் சங்கக் கட்டிடம் கட்டுகிறோம், நன்கொடை திரட்டுகிறோம். இன்று ஒரு மாடிக்குத்தான் காசு இருக்கும். பரவாயில்லை, மூன்று மாடிக்குக் கடைக்கால் போட்டு வைப்போம். மாடியில் பொங்கல் விழா நடக்க, படியேற முடியாத பெரியவர்கள் கீழே நாற்காலி போட்டு ஒலிபெருக்கியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். மிச்சிகன்காரர்களுக்கு அதைச் சரிசெய்ய எண்பது வருஷமும் ஒரு வழக்கும் ஆயின. நமக்கு ஒரு சாய்தளம் போதும். அதை வரைபடம் போடும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் இடித்துக் கட்டினால் செலவு இரட்டிப்பு என்பதை ஓர் இரும்புக் கடைக்காரன் சொல்கிறேன்.