அளந்ததை எழுதி வைப்பது எப்படி?



எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காகச் சில படவில்லைப் பாடங்களைத் தயாரித்து வருகிறேன். சிலைடு என்று நாம் சொல்வதுதான். முன்பெல்லாம் சிறு பிலிம் துண்டைச் சட்டத்தில் மாட்டி விளக்கொளியில் திரையில் காட்டுவார்கள். இப்போது கணினியிலேயே எழுதிக் காட்டுகிறோம். பாடத்தின் தலைப்பு, 'அறிவியல் தரவு மேலாண்மை'. இதைக் கேட்டதும் என் தாயார், "யாருப்பா இதை உட்கார்ந்து கேக்கப் போறா?" என்றார். அவர் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். அவருக்கு விளங்கும்படி சொல்லிப் பார்த்தபோதுதான் முதல் படவில்லையே எனக்குக் கிடைத்தது.

பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். வாளி தராசில் ஏறுகிறது. 20 கிலோ என்று கிராணி எழுதிக்கொள்கிறார். வேலை அதோடு முடிவதில்லை. சிறிது பாலை எடுத்து, தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை அதில் விட்டு, பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒருவருடைய பாலில் நூற்றுக்கு 35 பங்கு ரப்பர் இருந்தால், 20 கிலோவில் உலர்ந்த ரப்பர் 7 கிலோ. இன்னொருவர் பாலில் 28 பங்குதான் என்றால், அதே 20 கிலோவில் 5.6 கிலோ. எண் ஒன்று, பொருள் இரண்டு.

"அப்போ எடையை மட்டும் எழுதினா கணக்கு வராது, அதானே?" என்றார் அம்மா. அதேதான். அளந்து எழுதிய விவரங்களைத்தான் இப்போது தரவு என்கிறோம். என்ன அளந்தோம், எந்த அலகில், எந்த நாளில், எங்கே, எப்படி அளந்தோம் என்பதெல்லாம் எண்ணோடு சேர்ந்தே இருக்க வேண்டும். நம்மை அறியாத ஒருவர் பத்து ஆண்டு கழித்து நோட்டைத் திறந்தாலும் அவருக்கு விளங்க வேண்டும்.

இரண்டாவது படவில்லை நான் செய்த தவற்றைப் பற்றியது. பள்ளியில் மழை அளக்கிறோம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான டின் ஒன்றும் அளவுகோலும் போதும். டின்னில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் மழை பெய்திருக்கிறது என்று பொருள். நாள்தோறும் காலை எட்டு மணிக்குப் பார்த்து எழுதுவோம். சனி, ஞாயிறு பள்ளி இல்லை. 'கட்டம் எதையும் காலியாக விடாதீர்கள்' என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பிள்ளைகளும் சனிக்கு 0, ஞாயிற்றுக்கு 0 என்று போட்டு, டின்னில் சேர்ந்திருந்த மழை முழுவதையும் திங்கட்கிழமையில் எழுதி வந்தார்கள். நானும் பார்க்காமல் கையெழுத்திட்டேன்.

ஆண்டு முடிவில் அதைப் பட்டை வரைபடமாக்கினோம். ஒரு மாணவி கையைத் தூக்கினாள்: "சார், நம்ம தோட்டத்தில் எப்பவும் திங்கட்கிழமைதான் மழை கொட்டுமா?"

வகுப்பே சிரித்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. ஓர் ஆண்டு உழைப்பில் எந்த நாளில் எவ்வளவு மழை என்ற செய்தி பாதி அழிந்துபோயிற்று. அதை இனி மீட்க முடியாது. '0' என்றால் அளந்தோம், மழை இல்லை. அளக்கவே இல்லை என்றால் அது வேறு. இப்போது அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, திங்கட்கிழமை எண்ணுக்குப் பக்கத்தில் 'மூன்று நாள் சேர்ந்தது' என்று எழுதுகிறோம்.

அலகை விட்டுவிடுவதும் சிறு தவறல்ல. 1999-ஆம் ஆண்டில் செவ்வாய்க் கிரகத்துக்கு அமெரிக்கா அனுப்பிய ஒரு விண்கலம் அழிந்துபோனது. ஒரு குழுவின் கணக்கு பவுண்டு அலகில் வந்தது. வாங்கிய குழுவோ அதை மெட்ரிக் அலகு என்றே எடுத்துக்கொண்டது. இராத்தலில் நிறுத்துப் பழகி, பிறகு கிலோவுக்கு மாறிய நம் பெரியவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. தேதியும் அப்படித்தான். 3/4 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் வம்பில்லை.

தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரே கோட்டால் அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும். நோட்டுக்குப் படியும் வேண்டும். வெள்ளிதோறும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வேறோர் இடத்தில் சேமிக்கிறோம். கரையான் படித்து முடித்த நோட்டுகள் என்னிடம் இரண்டு உண்டு!

இனி, படவில்லை தயாரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு படத்தில் ஒரு செய்தி என்று பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததை மறந்து, முதலில் பதினான்கு வரி எழுதிவிட்டேன். பிள்ளைகள் படத்தைப் பார்க்கவில்லை, குனிந்து நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தூக்கிப் போட்டேன். இப்போது மழை நோட்டின் பக்கம் மட்டும் பெரிதாகத் தெரியும். கீழே ஒரு கேள்வி: 'இதில் எது நம்ப முடியாதது?' விடை அடுத்த படத்தில்தான். மூலையில் எந்த நோட்டு, எந்த ஆண்டு என்று சிறிதாக எழுதியிருக்கிறேன். படவில்லையும் ஒரு பதிவுதானே. பிறகு சக ஆசிரியை ஒருவரை நடத்தச் சொல்லி, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் தடுமாறிய இரண்டு இடங்களில் விளக்கக் குறிப்பு சேர்த்தேன்.

கடைசிப் படவில்லை வீட்டிலிருந்து வந்தது. அம்மாவுக்கு இனிப்பு நீர். கருவியில் குத்திப் பார்த்து 7, 9, 7 என்று நோட்டில் எழுதி வைப்பார். கிளினிக்கில் மிஸ்ஸி கேட்டார்: "இந்த 7 சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?" அம்மாவுக்கு நினைவில்லை. நோய் உண்டா என்று சோதிக்கும்போது, வெறும் வயிற்றில் 7 என்றால் அது நீரிழிவைக் காட்டும் அளவு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 7 என்றால் அச்சமில்லாத அளவு. போதாக்குறைக்கு, இந்தியாவிலிருந்து உறவினர் ஒருவர் தமக்கு 126 என்று சொல்ல, அம்மா பயந்தே போனார். அங்கே அலகு வேறு. நம் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் எண் வரும். நம்முடைய 7-தான் அவர்களுடைய 126.

அம்மாவுக்கு அதிகம் எழுத வராது. அதனால் சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறும் வட்டம், பின் என்றால் உள்ளே நிரப்பிய வட்டம் என்று அவரே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். வட்டங்களின் பொருளை நான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். போன முறை மிஸ்ஸி ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கொடுத்தாராம். அந்தப் பக்கத்தைத்தான் அம்மாவின் சம்மதத்தோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.