அடுத்த தீவின் வானம்

ஒரு மாய நாவலில் சூழலியல் இருக்கிறதா என்று தேடினால் நம் கண் முதலில் காட்டுக்குத்தான் போகிறது. டோல்கீனின் நாவலில் வரும் என்ட்கள் அப்படி நம்மை ஈர்ப்பவர்கள்: தங்கள் மரங்களை வெட்டி உலையில் போட்ட மந்திரவாதி சாருமானின் ஐசன்கார்டு கோட்டையைத் தகர்த்தெறியும் மர மேய்ப்பர்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மரம் பேசுவதாலும், கோடரி பிடித்தவன் தண்டிக்கப்படுவதாலும் மட்டும் ஒரு கதை சூழலைப் பற்றிய கதையாகிவிடாது. மாயக் கதையிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: அந்த உலகத்தில் மந்திரத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது? பெரும்பாலான கதைகளில் யார் கணக்கிலும் இல்லை. கோலைச் சுழற்றியதும் விருந்து வந்துவிடுகிறது. அந்தத் தானியம் எந்த வயலில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. நிலக்கரியும் எண்ணெயும் கைக்கு வந்தபின் நாமும் ஏறக்குறைய அப்படித்தான் வாழப் பழகியிருக்கிறோம்.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ இந்தக் கேள்வியை நேராகச் சந்திக்கிறது. கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளின் உலகம் அது. காற்றையும் மழையையும் திருப்பத் தெரிந்த மந்திரவாதிகள் தீவுக்குத் தீவு இருக்கிறார்கள். மழை வேண்டாதவர் மேகத்தைப் பக்கத்து வானத்துக்குத் தள்ளுவார். அங்கே இருப்பவர் இன்னும் அப்பால் தள்ளுவார். கடைசியில் அது யாருக்கும் பயனின்றிக் கடலில் கொட்டும். ஓகியன் என்ற முதிய மந்திரவாதி மட்டும் அதைச் செய்வதில்லை. மழை பெய்தால் பெய்யட்டும் என்று ஒரு மரத்தடியில் நனைந்தபடி படுத்துக்கொள்கிறார். அவரிடம் கற்கவந்த சிறுவன் கெட், இத்தனை ஆற்றல் இருந்தும் எதற்கு நனைய வேண்டும் என்று உள்ளுக்குள் குமைகிறான். பின்னர் ரோக் தீவின் மந்திரப் பள்ளியில், ஓரிடத்து மழை இன்னோரிடத்து வறட்சியாகலாம் என்று ஆசிரியர்கள் எச்சரிக்கும்போதும் அவனுக்கு அது உறைப்பதில்லை. வீம்புக்காக அவன் செய்யும் ஒரு மந்திரத்தில் உலகின் தையல் பிரிந்து நிழலொன்று வெளியே வருகிறது. அந்தக் கிழிசலை மூடும் முயற்சியில் பள்ளியின் தலைவர் உயிரை விடுகிறார். பிழை செய்தவன் ஒருவன். முதலில் விலை கொடுத்தவர் வேறொருவர்.

இது வெறும் நீதிக்கதை என்று ஒதுக்குபவர்கள் கனடாவின் சட்பரி நகரைப் பார்க்கலாம். அங்கே நிக்கல் உருக்காலைகள் கக்கிய கந்தகப் புகையால் சுற்றுவட்டாரம் கரும்பாறையாகிப்போனது. 1972இல் 381 மீட்டர் உயரத்தில் ஒரு புகைபோக்கி எழுந்தது. அதன் வேலை கந்தகத்தைக் குறைப்பதல்ல. உயரத்தில் விட்டுத் தொலைவில் பரப்புவது. ஊரின் காற்று தெளிந்தது, அமிலம் அடுத்தவர் வானத்துக்குப் போனது. இன்னும் நேரடியான சான்றும் உண்டு. வியட்நாம் போரில், 1967 முதல் 1972 வரை அமெரிக்க ராணுவம் ‘ஆபரேஷன் பாப்பாய்’ என்ற பெயரில் ஹோ சி மின் பாதையின் மேல் மேகங்களில் வேதிப்பொருள் தூவி, எதிரியின் சாலைகள் சேறாகும்படி மழைக்காலத்தை நீட்டிக்க முயன்றது. அந்த மழைக்குக் கீழே வாழ்ந்த மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். நாவல் வந்தபோது அந்த நடவடிக்கை ரகசியம்; லெ குவினுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவருடைய சமநிலைக் கருத்தின் வேர் தாவோயிசத்தில் இருக்கிறது. சிறு வயதில் தந்தையின் புத்தக அலமாரியில் கண்ட தாவோ தே சிங்கை 1997இல் தம் ஆங்கிலத்திலேயே வெளியிட்டவர் அவர். அப்படியிருக்க, சூழலியலை நாமாகத் திணிக்கிறோமா? நான் அப்படி எண்ணவில்லை. இது உருவகக் கதை என்று நான் சொல்லியிருந்தால், அதாவது இந்த மந்திரவாதி இன்ன தொழிற்சாலை என்று பொருத்தியிருந்தால், மறுப்பு செல்லும். லெ குவின் உருவாக்கியது ஒரு விதி: தள்ளிவிடப்பட்டது எங்கோ போய் விழுந்தே தீரும். அந்த விதி சரியானது என்பதால்தான், அவர் அறியாத சம்பவத்துக்கும் அது பொருந்துகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு அறிவியலிலிருந்து வருகிறது. இயற்கை ஒருபோதும் அசையாத தராசாக இருந்ததில்லை. தீயும் வெள்ளமும் இல்லாவிட்டால் சில காடுகளே நிலைக்காது. சமநிலை பேசும் நாவல் பழைய சூழலியலைப் போதிக்கிறது என்பார்கள். அதோடு, எதையும் தொடாதே என்ற அறிவுரை இருப்பவனுக்குத்தான் வசதி, பசித்தவனுக்கு அல்ல. இரண்டும் நியாயமான கவலைகள். ஆனால் ஓகியன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் அல்ல. நிலநடுக்கத்தை அடக்கி ஒரு துறைமுக நகரைக் காத்தவர் என்றே தீவெங்கும் பெயர் பெற்றவர். தேவை வந்தபோது செய்தார். நனையாமல் இருப்பதற்காகச் செய்யவில்லை. ரோக் மாணவர்கள் ஒவ்வொரு முனைக்கும் விரிகுடாவுக்கும் உரிய உண்மைப் பெயரை மாதக்கணக்கில் மனனம் செய்வதும் இதற்காகவே. அருகில் இருப்பதையும், முழுமையாகப் பெயர் அறிந்ததையும் மட்டுமே ஒரு மந்திரவாதியால் ஆள முடியும். அறியாததன்மேல் கை வைக்காதே என்பது தேக்கம் அல்ல.

எர்த்ஸீ வரிசையின் மூன்றாம் நாவலான ‘தி ஃபார்தஸ்ட் ஷோர்’ (1972) இந்தக் கணக்கை உலக அளவுக்கு விரிக்கிறது. காப் என்ற மந்திரவாதி சாவில்லாத வாழ்வைத் தேடி, உயிருக்கும் சாவுக்கும் இடையே ஒரு கதவைத் திறந்துவைக்கிறான். அதன் வழியே உலகத்தின் சாரம் வடிந்துகொண்டே போகிறது. பட்டுக்குப் பேர்போன தீவில் சாயம் தோய்ப்பவர்களுக்குக் கைத்தொழில் மறந்துபோகிறது, டிராகன்கள் பேச்சிழக்கின்றன. எல்லையற்று வேண்டும் என்ற ஒருவனின் ஆசைக்கு, அவன் முகத்தையே பார்த்திராத சாயக்காரர் விலை கொடுக்கிறார். கார்பனின் கணக்கு இதே வடிவில் இருக்கிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இருந்தாலும் இந்த நாவலிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கெட் தன் ஆற்றல் முழுவதையும் கொட்டித் தனி ஆளாக அந்தக் கதவை மூடிவிடுகிறான். நிஜத்தில் ஒரு வீரனால் மூடக்கூடிய ஓட்டை எதுவும் இல்லை. எல்லை தாண்டும் காற்று மாசுக்காக 1979இல் ஜெனீவாவில் நாடுகள் கூடி ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. லெ குவினுக்கும் அந்த முடிவு போதவில்லை போலும். 1990இல் வந்த ‘தெஹானு’வில் கெட் மந்திரம் இழந்தவனாகத் திரும்பி ஆடு மேய்க்கிறான். டெனார் என்ற பெண், சொந்தத்தாரே நெருப்பில் தள்ளிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். அந்தத் தழும்பை எந்த மந்திரமும் போக்குவதில்லை. நாள்தோறும் சோறூட்டி, பேசி, காவல் இருப்பதுதான் வழி. சட்பரியிலும் 1978 முதல் அப்படித்தான் நடக்கிறது. மாணவர்களும் வேலையாட்களும் புளித்துப்போன மண்ணில் கையால் சுண்ணாம்புத்தூள் தூவி, புல் விதைத்து, மரம் நட்டு வருகிறார்கள். கந்தகம் ஆலையிலேயே பிடிக்கப்படத் தொடங்கிய பின், 2020இல் அந்தப் பெரிய புகைபோக்கி பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது.