கட்டைக் கணக்கும் நாள் கூலியும்

கயத்தாற்றைச் சுற்றியுள்ள கரிசல்காட்டில் விதைப்பு மழையை நம்பித்தான். புரட்டாசியில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி என்று போட்டதெல்லாம் தை, மாசியில் வீடு வந்து சேர்ந்துவிடும். அதன்பின் காட்டில் கூலிவேலை அரிது. காடுகளில் காற்றாலைகள் வரிசையாக நின்றாலும், ஊராருக்கு அவற்றில் உள்ள வேலை காவலும் துப்புரவும் போலச் சொற்பம்தான். மீதி மாதங்களில் பல வீடுகளில் அடுப்பெரிவது தீப்பெட்டி ஆபீஸ் வாரச் சம்பளத்தால். அதை வாங்கி வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்தச் சம்பளத்தைக் கொடுப்பவரும், சில சமயம் வீட்டு ஆண்களும்கூட, 'கைச்செலவுக்கு ஆச்சு' என்கிறார்கள். கூலி உயராமல் கிடப்பதற்கு இந்தப் பேச்சு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மழை பொய்த்த வருஷத்தில் அரிசிக்கும், பள்ளிக்கூடச் செலவுக்கும், மகளிர் குழுத் தவணைக்கும் போவது அந்தப் பணம்தான். அதை வீட்டின் முதல் வருமானமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கூலியைப் பேச வேண்டும்.

கூலியில் மூன்று படிகள் உண்டு என்று நாடு விடுதலை பெற்ற கையோடு அரசு அமைத்த குழுவே வகுத்தது. 1948-இல் அமைந்த நியாயக் கூலிக் குழு குறைந்தபட்சக் கூலி, நியாயக் கூலி, வாழ்க்கைக் கூலி என்று அவற்றைப் பிரித்தது. உயிரோடும் வேலை செய்யும் தெம்போடும் இருக்கப் போதுமானது முதல் படி. பிள்ளைகளின் படிப்பு, நோய்க்கு மருத்துவம், முதுமைக்குச் சேமிப்பு எல்லாம் அடங்குவது மூன்றாவது. அரசமைப்புச் சட்டத்தின் 43-வது பிரிவு அரசு எட்ட முயல வேண்டிய இலக்காகச் சொல்வது இந்த மூன்றாவது படியைத்தான். முதல் படியையே இன்னும் பலர் எட்டவில்லை என்பதே நம் நிலை.

முதல் படியைக் கணக்கிடவும் முறை இருக்கிறது. 1957-இல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, சம்பாதிக்கும் ஒருவரின் கூலி மூன்று பேர் நுகர்வுக்கு ஈடாக வேண்டும் என்றது. ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் விளக்குக்கும் இதர செலவுக்கும் 20 சதவீதம் என்று அளவு வைத்தது. ராப்டகோஸ் பிரெட் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் படிப்பு, மருத்துவம், பண்டிகை, கல்யாணம், முதுமைக்கென்று இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்த்தது. இந்தக் கணக்கில் வயதான தாய் தகப்பனுக்கு இலை போடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கரிசல் வீடுகளில் அவர்களும் அதே சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள்.

மத்திய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு 2019-இல் தந்த அறிக்கையில், 2018 ஜூலை விலைவாசிப்படி நாடு முழுமைக்கும் நாளொன்றுக்கு ரூ.375 அடிப்படைக் கூலியாக இருக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு அரசு அறிவித்த தேசியத் தரைமட்டக் கூலி ரூ.178. பாதிகூட இல்லை. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த நாள் கூலி ரூ.336. ஏழு வருஷத்துக்கு முந்தைய விலையில் போட்ட கணக்கைக்கூட அது தொடவில்லை.

இனி தீப்பெட்டி ஆபீசுக்கு வருவோம். தீப்பெட்டித் தொழிலுக்குத் தமிழ்நாடு அரசு தனியாகக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. விலைவாசியை ஒட்டி அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் கூடும். ஆனால் கட்டை அடுக்குகிறவருக்கும் (மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளை வரிசையாகப் பொருத்தும் சட்டகம்தான் கட்டை), பெட்டியில் குச்சி அடைக்கிறவருக்கும் கூலி எண்ணிக்கைக்குத்தான். எத்தனை கட்டை, எத்தனை குரோசு என்று கணக்கு ஓடுமே தவிர, எட்டு மணி நேரத்துக்கு என்ன கிடைத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. குறைந்த கூலி ஒளிந்துகொள்வது இந்த இடத்தில்தான். எண்ணிக்கைக்கென்று தனி வீதம் நிர்ணயிக்காமல் நாளுக்கு மட்டும் நிர்ணயித்திருந்தால், கட்டைக் கணக்கில் வேலை செய்தவருக்கும் அந்த நாள் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். ஒரு வாரத்தில் வாங்கிய மொத்தத் தொகையை உழைத்த மணி நேரத்தால் வகுத்து எட்டால் பெருக்கினால் உங்கள் நாள் கூலி வந்துவிடும். அது அரசு அறிவித்த தொகைக்குக் கீழே இருந்தால், குறைவது உங்களுக்குச் சேர வேண்டிய பணம்.

மழைநாளில் மருந்து காயாது. சில நாள் குச்சி வந்து சேராது. 'வேலையில்லை, போய்ட்டு வா' என்று பாதி நாளில் அனுப்பிவிடுகிறார்கள். நாள் கூலி நிர்ணயிக்கப்பட்டவர் வேலைக்கு வந்து, வேலை செய்ய மறுக்காமல் இருந்தும், வேலை கொடுக்க முடியாததால் நேரம் குறைந்தால் முழு நாள் கூலி தர வேண்டும். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

2019-இல் நிறைவேறிய அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளிக்குச் சாதகமான சில மாற்றங்கள் அதில் உண்டு. குறைத்துக் கொடுத்த கூலியைக் கேட்டு முறையிட முன்பு ஆறு மாதமே அவகாசம். இப்போது மூன்று வருஷம். கூலியைச் சரியாகக் கொடுத்ததாக நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. குறைத்த தொகையோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடு வழங்க உத்தரவிடவும் வழியுண்டு. வாரச் சம்பளக்காரருக்கு அந்த வாரத்தின் கடைசி வேலைநாளில் கூலி தர வேண்டும். வேலையை விட்டு நின்றாலோ நிறுத்தினாலோ இரண்டு வேலைநாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு. சேதாரம் என்று பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று தரக் கூடாது; காட்டு வேலைக்கும் இது பொருந்தும்.

ஒரு குறையும் இருக்கிறது. பொருளை வாங்கிப்போய் வீட்டில் வைத்து வேலை செய்து தருகிறவரையும் 1948 சட்டம் தொழிலாளி என்று வெளிப்படையாகச் சொன்னது. புதிய தொகுப்பின் விளக்கத்தில் அந்த வரி இல்லை. வீட்டில் வேலை செய்யும் பெண்கள் அதிகமுள்ள இந்தப் பகுதியில் இது பெரிய இழப்பு. மாநில அரசு இதைச் சரிசெய்யும்படி நாம் கேட்க வேண்டும்.

சிறு தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரு தீப்பெட்டி 14 வருஷம் ஒரே ரூபாய்க்கு விற்றது. 2021 டிசம்பர் 1-இல்தான் இரண்டு ரூபாயானது. இயந்திர ஆலைகளோடும் சீன லைட்டரோடும் போட்டி போட முடியாமல் பல ஆபீஸ்கள் மூடப்பட்டன. 2023-இல் ரூ.20-க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்ததே இவர்கள் முறையிட்டதால்தான். மானாவாரி விவசாயியின் கதையும் இதுதான்: படைப்புழு தின்றது போக மிஞ்சிய மக்காச்சோளத்துக்கு விலையில்லை என்றால் அவர் களையெடுப்புக்கு எதைக் கொடுப்பார்? ஆனாலும் இவர்களின் நெருக்கடிக்கான விடையைக் கூலிக்காரியின் மடியில் தேடக் கூடாது. குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்க இயலாத தொழிலுக்கு நீடிக்க உரிமையில்லை என்று கிரவுன் அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957-லேயே சொல்லிவிட்டது. அதற்குக் கீழே கூலி கொடுத்து வேலை வாங்குவது 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொன்னது. வரிச்சலுகையும் விளைபொருளுக்கு விலையும் அரசிடம் கேட்க வேண்டியவை. அவற்றைக் கேட்கும்போது தொழிலாளியும் கூட நிற்பார்.

கூலி பற்றாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர்கள் கண்டிருக்கின்றன. கோவில்பட்டிப் பக்கத்துக்காரரான பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' படம் பேசுவது தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகளைப் பற்றித்தான். சிவகாசித் தொழில்களை முன்வைத்து 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ரூ.20,000 கட்ட வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. அந்தக் குழந்தைக்குப் பதிலாக வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. இன்று அந்தப் பற்றாக்குறை கடனாக மாறியிருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கோ மில்லுக்கோ போய், கணக்கு முடியாமல் திரும்ப முடியாதவர்கள் உண்டு. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் நிறுத்துவது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனும் சட்டப்படி ரத்தாகிவிடும்.

முறையிட நினைக்கிறவர் முதலில் ஒரு நோட்டு போட வேண்டும். தேதி, வந்த நேரம், போன நேரம், கட்டை எண்ணிக்கை, வாங்கிய தொகை ஆகியவற்றை அதில் எழுத வேண்டும்; எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதித் தரலாம். சம்பளச் சீட்டு கேளுங்கள். தருவது முதலாளியின் கடமை. ஒருவராகப் போனால் மறுநாள் வேலை இருக்காது என்ற பயம் நியாயமானது. அதனால் ஐந்தாறு பேராகச் சேர்ந்து எழுதுவதோ, தொழிற்சங்கம் மூலம் மனுப் போடுவதோ நல்லது. சட்டம் சங்கத்துக்கும் அந்த உரிமையைத் தருகிறது. மனுவைத் தூத்துக்குடியில் தொழிலாளர் துறை உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அதற்கான தொலைபேசி எண் 15100.