உழைப்பும் ஊதியமும் – 17: ஒரு மாதத்துக்குள் எழுத வேண்டிய கடிதம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் வாடிப்பட்டியை அடுத்து வரும் சோழவந்தானில், ஊதியம் முடிவாகும் இருவேறு முறைகளை ஒரே ஊருக்குள் காண முடிகிறது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுபவரின் கூலி தோட்டக்காரரோடு நேரில் பேசித் தீர்க்கப்படுவது. அதே ஊரின் வழியே செல்லும் தண்டவாளத்தைப் பராமரிக்கும் ரயில்வே ஊழியரின் சம்பளமோ தில்லியில் வகுக்கப்பட்ட அட்டவணையில் அடங்கியிருப்பது. ஆகவே பதவி உயர்வு பெறும் அரசு ஊழியருக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேச எதுவுமில்லை என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து தவறானது, அதை நம்பி வாளாவிருப்பவர் அடையும் இழப்பு, பணிக்காலத்தின் எஞ்சிய ஆண்டுகள் முழுவதும் தொடரக்கூடியது.

2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில், பதவிகளின் படிநிலை 'லெவல்' என்றும், ஒவ்வொரு லெவலிலும் ஆண்டு உயர்வுக்கேற்ப ஏறிச் செல்லும் தொகைக் கட்டங்கள் 'செல்' என்றும் வழங்கப்படுகின்றன. பதவி உயரும்போது, பழைய லெவலில் ஓர் இன்கிரிமென்ட் சேர்த்து, அத்தொகைக்குச் சமமான அல்லது அதற்கு அடுத்து வரும் செல்லில் புதிய சம்பளத்தைப் பொருத்துவதே 'சம்பள நிர்ணயம்' எனப்படுவது. இந்நிர்ணயம் பதவி உயர்ந்த நாளிலேயே நடைபெற வேண்டுமா, பழைய பதவியின் அடுத்த இன்கிரிமென்ட் நாளில் நடைபெற வேண்டுமா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஊழியருடையது. அவ்விருப்பத்தை ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கத் தவறினால், பதவி உயர்ந்த நாளே கணக்கில் கொள்ளப்படும்.

முதல் லெவலில் 20,900 ரூபாய் அடிப்படைச் சம்பளம் பெற்று, ஜூலை 1 அன்று இன்கிரிமென்ட் பெற வேண்டிய ஒருவர் மார்ச் 1 அன்று இரண்டாம் லெவலுக்கு உயர்வதாகக் கொள்வோம். கடிதம் எதுவும் கொடுக்காவிட்டால், ஓர் இன்கிரிமென்ட் சேர்ந்த 21,500 ரூபாய்க்கு அடுத்த செல்லான 21,700 ரூபாய் அவருக்கு அன்றே கிடைக்கும்; ஆனால் அடுத்த உயர்வு ஜனவரியில்தான் வரும், அப்போது சம்பளம் 22,400 ஆகும். ஜூலையைத் தேர்ந்தெடுத்தால், மார்ச் முதல் ஜூன் வரை 21,100 ரூபாய் மட்டுமே பெற்று மாதம் 600 வீதம் 2,400 ரூபாயை அவர் விட்டுக்கொடுக்க நேரும். எனினும் ஜூலையில் ஆண்டு உயர்வும் பதவி உயர்வுக்கான உயர்வும் பழைய லெவலிலேயே ஒருசேரக் கூட்டப்பட்டு 22,100 ஆகி, அதற்கு அடுத்த செல்லான 22,400 ரூபாய்க்குச் சம்பளம் ஏறிவிடும்; ஜனவரியில் அது 23,100 ஆகும். விட்டுக்கொடுத்த தொகை நான்கே மாதங்களில் திரும்பிவிட, அதன்பின் மாதந்தோறும் 700 ரூபாய் கூடுதலாகக் கிடைப்பதுடன், அந்த அடிப்படைச் சம்பளத்தின் மீது கணக்கிடப்படும் அகவிலைப்படியும் உயர்கிறது.

இதை எல்லோருக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ளலாகாது. அதே ஊழியர் ஜூலை இன்கிரிமென்ட்டைப் பெற்றபின் ஆகஸ்ட் 1 அன்று பதவி உயர்வு பெற்றிருந்தால், அடுத்த ஜூலைக்காகப் பதினொரு மாதங்கள் காத்திருந்து மாதம் 700 வீதம் 7,700 ரூபாயை இழக்க வேண்டியிருக்கும். ஓய்வு வயதை நெருங்கியவருக்கு அவ்வாறு காத்திருப்பது பெரும்பாலும் பயனளிக்காது. ஆகவே பதவி உயர்வு ஆணை கைக்கு வந்த வாரத்திலேயே, இருவழிக் கணக்கையும் தாளில் போட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. நேர்மையான ஊதியத்துக்கான பேச்சுவார்த்தை இங்கே நேருக்கு நேர் நிகழாமல், இக்கணக்கிலும் அதையொட்டி எழுதப்படும் கடிதத்திலும் நிகழ்கிறது.

உயர்ந்த பதவியின் வேலையை மட்டும் ஒப்படைத்து, பதவியையும் அதற்குரிய சம்பளத்தையும் வழங்காமல் விடும் நிலை இதனினும் கடுமையானது. அந்தமானில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சாரணர் இயக்கச் செயலாளரின் பணிகளையும் கவனிக்குமாறு பணிக்கப்பட்ட செல்வராஜ் என்பவரின் வழக்கில், 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவருக்கு முறையான பதவி உயர்வு வழங்கப்படவில்லை என்பதை ஏற்றுக்கொண்டது; எனினும் உயர் பதவியின் பணியை அவர் உண்மையில் செய்த காலத்துக்கு, அப்பதவிக்குரிய ஊதியத்தை அளித்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டது.