கொட்டகைக்குள்ளே இரண்டு இடம்

பழைய காலத்துக்குப் போய் ஒரே ஒரு பாட்டை நேரில் கேட்டுத் திரும்பலாம் என்று வரம் கிடைத்தால், வாசகர்களே, நீங்கள் எங்கே போவீர்கள்? 1966ல் எம். எஸ். சுப்புலட்சுமி ஐ. நா. சபையில் பாடினாரே, அங்கேயா? ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஒலித்த கோயில் வாசலுக்கா?

நான் போக விரும்புவது 1920களின் கடைசியில் ஒரு நாடகக் கொட்டகைக்கு. நாடகம், வள்ளி திருமணம். முருகனாக எஸ். ஜி. கிட்டப்பா, வள்ளியாக கே. பி. சுந்தராம்பாள்!

காரணம் என் தாத்தா. ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி 'திருவிளையாடல்' படம் காட்டிய இரவு, ஔவையாராக வந்த சுந்தராம்பாளின் குரலுக்கு லயமே சொக்கிப் போயிற்று. தாத்தா மட்டும் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

"இந்தக் குரலுக்கு ஈடா ஒரு குரல் இருந்துச்சுடா. கப்பலேறும் முன்னே ஊரிலே கேட்டேன். டிக்கெட்டுக்குக் காசில்லே. கொட்டகைக்கு வெளியிலேயே விடிய விடிய நின்னேன். ஆளைப் பார்க்கலே, பாட்டைத்தான் கேட்டேன்."

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமென்றால் தொண்டைதான் துணை. செங்கோட்டையில் 1906ல் பிறந்த கிட்டப்பாவுக்கு உச்ச சுருதி விளையாட்டு மாதிரி. அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிப்பார். அவரும் கொடுமுடியில் 1908ல் பிறந்த சுந்தராம்பாளும் இலங்கையில் நாடகமாடச் சென்றபோதுதான் ஒன்று சேர்ந்தனர். மேடையில் போட்டி போட்டுப் பாடியவர்கள், வாழ்விலும் இணைந்தனர்.

அந்த வாழ்வு நீடிக்கவில்லை. 1933 டிசம்பரில், 27 வயதிலேயே கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாள் 25 வயதில் வெள்ளைப் புடவை உடுத்தினார். பிறகு எவருக்கும் ஜோடியாக நடிக்கவில்லை. 1935ல் வந்த 'நந்தனார்' படத்துக்கு லட்ச ரூபாய் ஊதியம் என்று நாடே வியந்தது. அதில் அவர் ஏற்றது ஆண் வேடம், நந்தனாராகவே நடித்தார்.

தமிழில் பேசும் படம் 1931லேயே வந்துவிட்டது. ஆனாலும் கிட்டப்பா திரையில் தோன்றாமலே போனார். எஞ்சியவை இசைத்தட்டுகளே. ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் ஓடும். விடிய விடியப் பாடியவரை மூன்று நிமிடத்தில் அடைக்க முடியுமா? கிராணி வீட்டில் அந்தத் தட்டு சுழலும்போது, தாத்தா வேலிக்கு வெளியே நின்று கேட்பாராம். அங்கேயும் வெளியேதான்!

தாத்தா இன்று இல்லை. அந்தத் தோட்டமும் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஆனால் வரம் கிடைத்தால் நான் தனியாகப் போக மாட்டேன். டிக்கெட் இரண்டு வாங்குவேன். வெளியே மூங்கில் தட்டியில் காதை வைத்து நிற்கும் இளைஞனின் தோளைத் தொட்டு, "உள்ளே வாங்க, இடம் இருக்கு" என்பேன்.

நீங்கள் யாரை அழைத்துப் போவீர்கள்?