திருவிழாப் பயணத்திற்கு ஒரு லென்ஸ் போதுமா?

நெகிரி செம்பிலான் தோட்டத்து ஆலயங்களில் திருவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டால், பிழைப்புத் தேடி வெளியூர் சென்ற பிள்ளைகளெல்லாம் திரும்பி வருவர். கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பேரப்பிள்ளைகளோடு வந்திறங்கும் அக்குடும்பங்களுள் யாரேனும் ஒருவர் கழுத்தில் படக்கருவி ஒன்று தொங்குவதைக் காணலாம். காலையில் பால்குடம், பின்னர் காவடி, நண்பகலில் அன்னதானம், அந்தியில் தீமிதி, இரவில் இரத ஊர்வலம். ஒரு கையில் குழந்தையும் மறுகையில் அர்ச்சனைத் தட்டுமாக நிற்பவர் காட்சிக்கொரு லென்ஸை மாற்றிக்கொண்டிருக்க இயலுமா? ஆகவேதான் அகன்ற காட்சியையும் தொலைவுக் காட்சியையும் ஒன்றிலேயே அடக்கிய சூம் லென்ஸைக் குடும்பத்தார் நாடுகின்றனர்.

எங்கள் குடும்பத்தில் அத்தகைய லென்ஸை முதன்முதலில் வாங்கியவர் சிற்றப்பா. லிங்கி வட்டாரத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் கைமாறிய சமயம் அது. அங்கே நடந்த கடைசித் திருவிழாவுக்கு மூன்று பிலிம் சுருள்களோடு வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். கழுவி வந்த படங்களைப் பார்த்தபோது அம்மனின் முகம், வேலின் நுனி, பூசாரியின் கை, தீக்குழியில் பதியும் பாதம் என எல்லாமே வெகு நெருக்கத்தில் இருந்தன. தொலைவில் உள்ளதை இழுத்துத் தரும் அதிசயத்தில் மயங்கி, நாள் முழுவதும் லென்ஸை 200 மில்லிமீட்டரிலேயே வைத்திருந்திருக்கிறார்! வேப்பமரத்தோடு கூடிய கோயில் முகப்பு இல்லை. லயத்து வாசலில் அமர்ந்திருந்த பாட்டி இல்லை. மறு ஆண்டு லயங்கள் இடிக்கப்பட்டன. நம் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று பிள்ளைகள் இன்று கேட்டால் காட்டுவதற்கு எங்களிடம் ஒரு படமும் கிடையாது.

அது லென்ஸின் குறையன்று. அதன் மறுமுனையில் 28 மில்லிமீட்டர் என்னும் அகன்ற பார்வை இருக்கவே செய்தது.

ஜப்பானின் டாம்ரான் நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட 28-200 மில்லிமீட்டர் லென்ஸே இவ்வகையைப் பரவலாக்கியது எனலாம். இலக்கமுறைப் படக்கருவிகள் வந்தபின் எண்கள் வளர்ந்துகொண்டே போயின. 2017-இல் அதே நிறுவனத்தின் 18-400 வந்தது. 2024-இல் நிக்கோன் 28-400 வெளியிட்டது. கடைக்காரர் பெரும்பாலும் பெரிய எண்ணைக் காட்டித்தான் விற்பனை பேசுவார். வாசகர்கள் சிறிய எண்ணை முதலில் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் எளிய கணக்கு. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழு அளவு உணரியைக் கொண்ட கருவியில், மூன்று மீட்டர் தள்ளி நின்று 28 மில்லிமீட்டரில் எடுத்தால் சுமார் 3.9 மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். 24 மில்லிமீட்டரில் அதுவே 4.5 மீட்டர். வரிசையின் ஓரத்தில் விடுபட்டு நிற்கும் பெரியம்மாவுக்கு அந்த 60 சென்டிமீட்டரில் இடம் கிடைத்துவிடும். லயத்து அஞ்சடியில் பின்னால் நகர்வதற்கு ஏது இடம்? உணரி சிறியதாயின் லென்ஸில் பொறித்த எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கெனான் கருவியாயின் 1.6-ஆல். அதன்படி 18 என்பது ஏறத்தாழ 27 அல்லது 29 ஆகும். 16 என்பது 24 அல்லது 26.

பெரிய எண்ணுக்கு 200 போதும் என்பது என் கருத்து. தீக்குழியிலிருந்து பத்து மீட்டர் தொலைவில் கயிற்றுக்கு அப்பால் நின்று, முழு அளவுக் கருவியைச் செங்குத்தாகப் பிடித்தால், 200 மில்லிமீட்டரில் 1.8 மீட்டர் உயரம் அடங்கும். தீமிதிப்பவர் தலை முதல் பாதம் வரை வந்துவிடுவார். இன்னும் நெருக்கம் வேண்டின் பின்னர் படத்தை வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் படத்தின் நீள அகலங்களைப் பாதியாக்கினாலும் 6 மெகாபிக்சல் எஞ்சும்; பத்து அங்குல அகலத்தில் அச்சிட அது தாராளம்.

எடையையும் மறந்துவிடலாகாது. தைப்பூசத்திற்குச் சிரம்பானிலிருந்து கொமுட்டர் இரயிலில் பத்துமலைக்குச் செல்லும் குடும்பம் 272 படிகள் ஏற வேண்டும். கெனானின் 24-240 லென்ஸ் 750 கிராம்; நிக்கோனின் 24-200 லென்ஸ் 570 கிராம். சிறிய உணரிக் கருவிகளுக்கான கெனான் 18-150, நிக்கோன் 18-140 ஆகியவை 300 கிராமை ஒட்டியவை. குழந்தையைத் தோளில் சுமந்து ஏறும் தந்தைக்கு இவ்வேறுபாடு நூறாவது படியிலேயே தெரிந்துவிடும்.

இனி, இவ்வகை லென்ஸின் உண்மையான பலவீனத்திற்கு வருவோம். பகலில் சிறப்பாக உழைக்கும் இது இருட்டில் தடுமாறும். தொலைவு முனையில் இதன் துவாரம் பெரும்பாலும் எஃப் 6.3 அளவே திறக்கும். எஃப் 1.8 அளவு திறக்கும் சாதாரண லென்ஸோ அதைப்போல் பன்னிரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்பர் சிலர். அது நம் கை நடுக்கத்தைத் தணிக்குமேயன்றிக் காவடியாடுபவரின் சுழற்சியை நிறுத்தாது. எஃப் 2.8-இல் தொடங்கும் 28-200 லென்ஸ் ஒன்றை 2020-இல் சோனி கருவிகளுக்கென டாம்ரான் வெளியிட்டது. தொலைவு முனையில் அதுவும் 5.6-தான்.

ஆதலால், ஒரு லென்ஸ் போதுமா என்று தலைப்பில் கேட்டதற்கு விடை: பகலுக்குப் போதும். இரத ஊர்வலத்திற்கு 35 அல்லது 50 மில்லிமீட்டரில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கும், விலையும் ஒப்புநோக்கக் குறைவு. அந்தி மயங்குமுன் காருக்குள் அமர்ந்து ஒரே முறை மாற்றிக்கொண்டால் போதும். கூட்டத்தின் நடுவே, திருநீறும் சாம்பிராணிப் புகையும் மஞ்சள் நீரும் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றுவது கருவியின் உணரிக்குத் தீங்கு.

செம்பனைக் காட்டுச் சாலையின் செம்மண் தூசும் இத்தகைய லென்ஸுக்குப் பகையே. பெரிதாக்கும்போது இதன் குழல் வெளியே நீளும். சுருக்கும்போது மேலே படிந்த தூசு உள்ளே போகக்கூடும். ஆதலால் சுருக்குமுன் துணியால் துடைத்துவிட வேண்டும். கழுத்தில் தொங்கும்போது குழல் தானே சரிந்து இறங்காதவாறு பூட்டு உண்டா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவோர் அதன் ஒருபுறம் கைவிளக்கைப் பிடித்து மறுபுறம் பார்த்தல் அவசியம். சிலந்தி நூல்போல் வெள்ளை இழைகள் தென்பட்டால் அது பூஞ்சை. நம் நாட்டின் ஈரக் காற்றில் அலமாரிக்குள் பூட்டி வைத்த லென்ஸில் அது எளிதில் பற்றும். எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். சொந்த லென்ஸையும் தோல் பையில் பூட்டி வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வைக்க வேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் கண்ணாடி பனித்துப்போகும். பால்குடம் புறப்படுவதற்குக் கால்மணி நேரம் முன்பாகவே பையோடு கருவியை வெளியே எடுத்து வைத்துவிடுவது நலம்.

ஆலயத்தை அடைந்ததும் அகன்ற முனையில் கோயிலையும் மரத்தையும் லயங்களையும் நான்கு திசைகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட நிலையில், அடுத்த திருவிழா அதே இடத்தில்தான் நடக்கும் என்று யாரால் உறுதி கூற முடியும்? மூலவரைப் படமெடுப்பதாயின் முதலில் அர்ச்சகரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பெரியவர்களை அவரவர் வீட்டு வாசலில் நிறுத்தி எடுங்கள்; வீட்டு எண்ணும் தெரியட்டும்.

ஊர் திரும்பியதும் அப்படங்களைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாமல் அச்சிட்டு, பின்புறத்தில் பெயர், உறவுமுறை, தோட்டம், ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். மை நன்கு உலர்ந்த பின்னரே அடுக்க வேண்டும். ஈர மை அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.