கருவி போகட்டும், பாட்டு இருக்கட்டும்

"அண்ணே, எந்தக் கைப்பேசி வாங்கலாம்?"

மாசாயில் எங்கள் தாமானில் எஸ்.பி.எம். எழுதி முடித்த தம்பி தங்கைகள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அண்மைக் காலமாகச் சிலர் 'அங்கிள்' என்றும் அழைக்கிறார்கள், அதை விட்டுவிடுவோம். நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுத் தொழில்நுட்பராக இருக்கிறேன். அக்கம்பக்கத்தில் கணினி, கைப்பேசி, ஒலிபெருக்கி எது கெட்டாலும் என் வீட்டு மேசைக்கு வந்துவிடும். புதுக் கருவி ஏதும் சந்தைக்கு வந்தால், கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

முன்பெல்லாம் அந்தக் கேள்விக்குக் கேமரா, சில்லு, திரை என்று அரை மணி நேரம் பேசுவேன். இப்போது ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்: "பழைய கைப்பேசியில் இருப்பதை என்ன செய்யப் போகிறாய்?" பெரும்பாலும் பதில் வராது. இந்தக் கேள்வியைக் கேட்க நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை.

நான்கு நிமிடத் தாலாட்டு

2008-ஆம் ஆண்டு தீபாவளிக்குக் குளுவாங்கில் அப்பா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அக்காவின் குழந்தை தொட்டிலில் அழுதது. அப்பாவின் அம்மா, எங்கள் பாட்டி, தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாலாட்டுப் பாடத் தொடங்கினார். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய அம்மாவிடம் கேட்டுப் படித்த பாட்டு அது. அதில் தோட்டத்துப் பெயரும், லயத்து வாசலில் நின்ற மாமரமும், பேரப்பிள்ளைகள் பெயரும் வரும். பிள்ளைக்குப் பிள்ளை வரிகள் மாறும்.

நான் கைப்பேசியில் பதிவு செய்தேன். நான்கு நிமிடம். கோப்பின் அளவு 400 கிலோபைட்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஓர் இலவச இணையச் சேமிப்புத் தளத்தில் ஏற்றினேன். 'இணையத்தில் ஏறிவிட்டது, இனிக் கவலையில்லை' என்று நினைத்து, அடுத்த ஆண்டே அந்தக் கைப்பேசியை விற்றுவிட்டேன்.

பாட்டி 2011-இல் காலமானார். 2014-இல் நினைவு நாளன்று அப்பா, "அம்மா பாடினதைப் போடுப்பா" என்றார். தளத்தின் முகவரியைத் தட்டினால் வெற்றுப் பக்கம் வந்தது. தளத்தை மூடியிருந்தார்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியிருப்பார்கள். ஆனால், நான் கொடுத்திருந்தது கல்லூரிக் கால முகவரி. அதைத் திறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா, "சரி, விடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஊரார் கணினியை எல்லாம் பழுது பார்க்கிற எனக்கு, அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

மேகம் என்பது ஒரு கட்டடம்

சின்ன நிறுவனம் என்பதால் இப்படி ஆனது என்று நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் உலகமே கொண்டாடிய மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை கலைஞர்கள் ஏற்றிய பாடல்கள், கணினிகளை மாற்றும் வேலையில் அழிந்துபோயின. செய்தி 2019-இல் வெளியே வந்தது. போனவை 5 கோடிப் பாடல்கள் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மைக்ரோசாப்ட் தன் குரூவ் இசைச் சேவையை 2017-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு நிறுத்தியது. கூகுள் பிளே மியூசிக் 2020-இல் மூடப்பட்டது. பணத்துக்குக் குறையில்லாத நிறுவனங்களும் இலாபம் வராவிட்டால் கடையைக் கட்டிவிடும்.

'கிளவுட்' என்பதை மேகம் என்று மொழிபெயர்த்துக்கொண்டதால், அது வானத்தில் மிதக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. ஜொகூர்க்காரர்களான நாமே அப்படி நினைத்தால் எப்படி? கூலாய், செடெனாக் பக்கம் போய்ப் பாருங்கள். 2023 டிசம்பரில் ஒய்.டி.எல். நிறுவனமும் என்விடியாவும் சேர்ந்து கூலாயில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையம் அமைக்கப்போவதாக அறிவித்தன. செம்பனை மரங்களைப் பார்த்துப் பழகிய அந்த வட்டாரத்தில் இப்போது சன்னலில்லாத பெரிய கட்டடங்கள் எழுகின்றன. உள்ளே வரிசை வரிசையாகக் கணினிகள். அவற்றை இயக்க மின்சாரம், குளிர வைக்கத் தண்ணீர். மேகம் என்பது இதுதான்: இன்னொருவர் நிலத்தில், இன்னொருவர் கட்டடத்தில் இருக்கும் இன்னொருவருடைய கணினி. அதில் இடம் வாடகைக்கு எடுக்கலாம், தவறில்லை. ஒரே நகலை அங்கே வைப்பதுதான் தவறு.

வாடகைப் பாட்டும் சொந்தப் பாட்டும்

2001 அக்டோபரில் ஆப்பிள் முதல் ஐபாடை அறிமுகப்படுத்தியபோது, சட்டைப் பையில் 1,000 பாடல்கள் என்பது பெரிய அதிசயம். 2022 மே மாதத்தோடு ஐபாட் கதை முடிந்தது. இன்று மாதக் கட்டணம் கட்டினால் கோடிக்கணக்கான பாடல்கள். நானும் கட்டுகிறேன். திருட்டுப் பதிவுகளைக் கேட்பதைவிட அது நேர்மையானது.

ஆனால் கட்டணம் நின்றால் பாட்டும் நின்றுவிடும். உரிமை ஒப்பந்தம் முடிந்தால், நேற்றுக் கேட்ட பாட்டு இன்று பட்டியலில் மங்கிக் கிடக்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அப்பாவின் பெட்டியில் உள்ளூர்க் கலைஞர்கள் பாடிய ஒலிநாடாக்கள் சில இருக்கின்றன. நான் தேடிய எந்தச் செயலியிலும் அவை இல்லை. யாராவது ஏற்றினால்தானே இருக்கும்! ஆகவே, மனத்துக்கு நெருக்கமான பாட்டு என்றால், பணம் கொடுத்துத் தரவிறக்கம் செய்யும் வசதியோ குறுந்தட்டோ கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் கலைஞர்களுக்கும் அது உதவும்.

காதுக்கு எவ்வளவு தேவை?

மாணவர்கள் அதிகம் வாதாடுவது ஒலித்தரத்தைப் பற்றித்தான். கணக்கைப் பார்ப்போம். குறுந்தட்டில் ஒலி ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிடிக்க இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பதே காரணம். அந்தத் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டுக்கு 50 மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். ஜெர்மனியின் பிரவுன்ஹோஃபர் ஆய்வுக் கழகத்தின் பெரும் பங்களிப்போடு உருவான எம்.பி.3 முறை, உரத்த ஒலிக்குப் பின்னால் மறைந்து நம் காதுக்கு எட்டாத நுணுக்கங்களை விட்டுவிடுகிறது. அதே பாட்டு 128 கிலோபிட் அளவில் 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 320 கிலோபிட் அளவில் ஏறக்குறைய 12 மெகாபைட்.

என் கருத்து இது: 320 கிலோபிட் எம்.பி.3-யையும் குறுந்தட்டையும் நண்பரிடம் கொடுத்து, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்து முறையில் ஐந்து முறைதான் சரியாகச் சொன்னீர்கள் என்றால், அது குருட்டாம்போக்கு. விலையுயர்ந்த 'இழப்பில்லா' திட்டத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. இன்னொன்று, சாதாரண புளூடூத் காதணிக் கருவி தன் பங்குக்கு ஒலியை மீண்டும் சுருக்குகிறது. இழப்பில்லாப் பாட்டை அதில் கேட்பது, நல்ல பாலை வாங்கித் தண்ணீர் ஊற்றிக் குடிப்பது போன்றது.

ஆனால் கேட்பது வேறு, காப்பது வேறு. குடும்பப் பதிவு என்றால் சுருக்காமல் வைக்க வேண்டும். விட்டுப்போன நுணுக்கத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் உள்ளபடியே மீட்டுத் தர முடியாது.

'அ' என்றால் 2949

பொதுவான வடிவம் என்றால் என்ன என்பதைத் தமிழர்களுக்கு விளக்கத் தமிழே போதும். 2001-இல் நான் படிவம் 5 மாணவன். பள்ளித் தமிழ்க் கழக மலருக்காக நான் தட்டச்சு செய்த கட்டுரையைச் சில ஆண்டுகளுக்குப் பின் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கலந்த கூளமாக இருந்தது. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி ஓர் எண்ணில் உட்கார வைத்தது. எழுத்துரு காணாமல் போனால் எழுத்தும் போனது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க உழைத்தவர்களில் நம் நாட்டவரும் இருக்கிறார்கள். முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருள் பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்தது. கைப்பேசியில் தமிழில் எழுதச் செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. ஆப்பிள் கணினியில் உள்ள இணைமதி எழுத்துருவும் அவர் கைவண்ணமே. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமியின் முயற்சியில் 1997-இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 2001-இல் கோலாலம்பூரிலும் அத்தகைய மாநாடு நடந்தது. இறுதியில் யுனிகோட் என்ற உலகப் பொதுமுறை நிலைத்தது. அதில் 'அ' என்ற எழுத்தின் எண் 2949. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் அதே எண். அதனால்தான் நீங்கள் இன்று அனுப்பும் தமிழ்ச் செய்தி அப்பாவின் பழைய கைப்பேசியிலும் தமிழாகவே தெரிகிறது. என் கட்டுரையில் பயன்படுத்திய எழுத்துருவின் பெயர் நினைவிருந்ததால், எழுத்து மாற்றியின் உதவியோடு அதையும் யுனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமான வடிவம் அந்த நிறுவனத்தோடு சாகும். எல்லாருக்கும் தெரிந்த வடிவம் பிழைக்கும். எம்.பி.3-யின் காப்புரிமைகள் காலாவதியாகி, அதன் உரிமத் திட்டமும் 2017-இல் முடிந்தது. இன்று யாரும் தடையின்றி அதைப் பயன்படுத்தலாம். ஃபிளாக் என்ற இழப்பில்லா வடிவமும் அப்படியே.

42 வினாடி

சென்ற ஆண்டு அத்தை மகன் வீடு மாறினான். பழைய பொருள்களுக்கு நடுவே ஒரு நினைவக அட்டை கிடந்தது. "பாருங்க மச்சான், படம் ஏதாவது இருக்கும்" என்று கொடுத்தான். அதில் பாட்டி இருந்தார். 2008 தீபாவளியன்று புளூடூத் வழியாக என்னிடம் வாங்கிய தாலாட்டை, அவன் அழைப்பொலிக்காக வெட்டி வைத்திருக்கிறான். 42 வினாடி. 64 கிலோபைட். கோப்பின் வடிவம் ஏ.எம்.ஆர்.; பழைய கைப்பேசிகளின் குரல் பதிவு முறை. அதன் விவரங்கள் வெளிப்படையானவை என்பதால் வி.எல்.சி. என்ற இலவச மென்பொருள் உடனே பாடியது.

வினாடிக்கு 8,000 முறை மட்டுமே அளந்த ஒலி அது. தொட்டில் கயிற்றோடு ஆடிய வளையலின் மெல்லிய ஓசை அதில் விழவே இல்லை. மீதி மூன்று நிமிடங்களும் போனவை போனவைதான். ஆனாலும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை கேட்டார். தொழில்நுட்பம் தெரிந்த நான் தொலைத்ததை, அழைப்பொலிக்கு ஆசைப்பட்ட ஒருவனின் நகல் காப்பாற்றியது.

இந்த விடுமுறைக்கு ஒரு வேலை

வீட்டில் பழைய ஒலிநாடா இருக்கிறதா? நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும் முன் எடுங்கள். ஓடும் நிலையில் உள்ள ஒலிநாடாக் கருவி ஒன்று, அதன் காதணித் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்வழிக்கு ஒரு கம்பி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். கணினியில் உள்வழி இல்லை என்றால் யு.எஸ்.பி. ஒலி இணைப்பி ஒன்று வாங்குங்கள். 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடம் ஆகும், பொறுமை வேண்டும். சுருக்காத 'வேவ்' அல்லது ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். கோப்பின் பெயரில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று தமிழிலேயே எழுதுங்கள்.

பிறகு 3-2-1 விதி: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு வீட்டில். உங்கள் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, அத்தை வீட்டிலோ மேகத்திலோ ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு வீடு கழுவும்போது, மூன்றையும் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் நகலே அல்ல.

சரி, எந்தக் கைப்பேசி வாங்கலாம்? மின்கலம் மாற்றக் கூடியதாக, சேமிப்பிடம் தாராளமாக, நினைவக அட்டை போட இடமுள்ளதாக, கோப்புகளைக் கணினிக்கு எளிதில் மாற்றத் தருவதாகப் பாருங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் அது எப்படியும் போய்விடும்.

உங்கள் வீட்டுப் பாட்டி, தாத்தா இன்னும் இருக்கிறார்கள் என்றால் இன்றிரவே பேச வையுங்கள், பாட வையுங்கள், பதிவு செய்யுங்கள். உங்கள் கையில் இப்போது இருக்கும் கைப்பேசியே அதற்குப் போதும்.